0.3 கிராமும் 30 கிராமும்: நார்த்தம்ப்ரியா காஃபின் நிகழ்வு

2015 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகரிலுள்ள நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில், விளையாட்டு அறிவியல் பயின்ற இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர் ஓர் ஆய்வக வகுப்பில் தாமாக முன்வந்து காஃபின் கலந்த பானத்தை அருந்தினர். உடற்பயிற்சியின்போது காஃபின் உடலில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று அளந்து பார்ப்பது அந்த வகுப்பின் நோக்கம். ஆளுக்கு 0.3 கிராம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததோ ஆளுக்கு 30 கிராம். இருவரும் கடுமையாக நோயுற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் டயாலிசிஸ் செய்யப்பட்டு உயிர் பிழைத்தனர். ஒருவர் 12 கிலோவும் மற்றவர் 10 கிலோவும் உடல் எடை இழந்தனர். ஒருவருடைய குறுகியகால நினைவாற்றலும் பாதிக்கப்பட்டது. காஃபினால் 18 கிராம் அளவிலேயே இறப்பு நேர்ந்ததுண்டு என்று பின்னர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பல்கலைக்கழகம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2017 ஜனவரியில் நியூகாசில் கிரவுன் நீதிமன்றம் அதற்கு 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தது.

விசாரணையில் வெளிவந்த செய்திகளுள் மூன்று இந்த ஆய்வுக்கு முக்கியமானவை. முதலாவது, அளவுக் கணக்கைக் கைப்பேசியில் போட்டிருந்தார்கள். அதில் தசமப் புள்ளி இடம் மாறியது. இரண்டாவது, அதுவரை இத்தகைய சோதனைகளுக்குக் காஃபின் மாத்திரைகளைப் பயன்படுத்திவந்த பல்கலைக்கழகம் தூளுக்கு மாறியிருந்தது. மூன்றாவது, சோதனையை நடத்திய பணியாளர்களுக்கு இந்த வேலையில் போதிய பயிற்சியோ அனுபவமோ இல்லை.

செய்தித்தாள்கள் முதலாவதைத்தான் தலைப்பாக்கின. அது புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு புள்ளி இரண்டு உயிர்களை விளிம்புவரை தள்ளியது என்பது எழுதுவதற்கு வசதியான வாக்கியம். ஆனால் தசமப் புள்ளி தவறுவது வேதியியல் படித்த எவருக்கும் நேர்ந்ததுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தராசில் 30 கிராம் வெள்ளைத் தூள் குவிந்தபோதும், அது பானத்தில் கொட்டப்பட்டபோதும், குவளை கைமாறியபோதும் அந்த எண் ஏன் ஒருவருக்கும் உறுத்தவில்லை? இயற்பியல் அளவு, அலகு, மோல் ஆகியவற்றைப் பற்றிப் பதினோராம் வகுப்பின் முதல் பாடத்தில் படித்துவிட்டு மறந்துபோகும் விஷயங்கள், இந்தக் கேள்விக்கான விடையில்தான் உயிர் பெறுகின்றன என்பது என் கருத்து.

கைப்பேசிக்குத் தெரியாதது

இயற்பியல் அளவு என்பது எண்ணும் அலகும் பெருக்கி நிற்கும் ஒன்று. ‘300 மில்லிகிராம்’ என்றால் 300 என்ற எண்ணை மில்லிகிராம் என்ற அலகால் பெருக்கியதாகப் பொருள். அலகைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் 300 எதையும் அளக்கவில்லை. தமிழில் இதைக் கற்பிப்பதில் ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. ‘அளவு’ என்ற ஒரே சொல்லை நாம் அளக்கப்படும் பண்புக்கும், அளந்து கிடைத்த மதிப்புக்கும், போதும் என்ற எல்லைக்கும் பயன்படுத்துகிறோம். இலங்கைப் பாடநூல்கள் ‘பௌதிகக் கணியம்’ என்று தனிச்சொல் வைத்திருப்பது இந்த வகையில் தெளிவானது. தமிழ்நாட்டு மாணவர் ‘இயற்பியல் அளவின் அளவு’ என்று எழுதிவிட்டுத் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சிச் சோதனைகளில் காஃபின் வழக்கமாக உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 முதல் 6 மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்குக் கிலோகிராமுக்கு 4 மில்லிகிராம் என்று கொண்டால், கிலோகிராம் மேலும் கீழும் அடிபட்டு 300 மில்லிகிராம் என்ற விடை நிற்கும். அதை 1000-ஆல் வகுத்தால் 0.3 கிராம். தாளில் அலகுகளோடு எழுதிப் போடுபவருக்கு ஒவ்வொரு வரியிலும் எதை அளக்கிறோம் என்ற நினைவு கூடவே வரும். கைப்பேசியின் கணிப்பானிலோ அலகுக்கு விசை கிடையாது. உள்ளே போவது வெறும் எண். வெளியே வருவதும் வெறும் எண். அந்த எண்ணுக்கு அலகை ஒட்டவைக்கும் வேலை மனிதரின் நினைவுக்கு விடப்படுகிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 0.3-க்கும் 30-க்கும் இடையே உள்ள காரணி 100. கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் இடையே உள்ளது 1000. எனவே இது கிராமையும் மில்லிகிராமையும் மாற்றிப் படித்ததால் வந்த பிழை அன்று. அப்படியானால் 300 கிராம் என்று வந்திருக்கும், அதைக் கண்டு யாரும் நிச்சயமாக நின்றிருப்பார்கள். இரண்டு தசம இடம் நழுவிய 30 என்ற எண்ணின் ஆபத்தே, அது ஆய்வக மேசையில் அன்றாடம் நிறுக்கப்படும் எண் என்பதில் இருக்கிறது. 0.3 கிராம் நிறுப்பது சற்றுத் தொல்லை பிடித்த வேலை. நல்ல தராசு வேண்டும், காற்று வீசக் கூடாது. 30 கிராம் நிறுப்பதோ எளிது. தவறான விடை சரியான விடையைவிட இயல்பாகத் தோன்றியது.

அலகுப் பிழை என்றே முத்திரை குத்தக்கூடிய நிகழ்வோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம் 22,300 கிலோகிராம் எரிபொருளோடு புறப்பட்டிருக்க வேண்டும். தொட்டியிலிருந்த லிட்டரைக் கிலோகிராமாக்க 0.803 என்ற அடர்த்தியால் பெருக்குவதற்குப் பதில், லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். விளைவாக ஏறியது தேவையானதில் பாதிக்கும் குறைவு. எஞ்சின்கள் நடுவானில் நின்று, விமானம் கிம்லி என்ற ஊரின் பழைய விமானதளத்தில் சறுக்கி இறங்கியது. அங்கே கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே போடப்பட்டது. அலகு மட்டும் தவறு. அதனால்தான் மறுபடி மறுபடி சரிபார்த்தும் பிழை பிடிபடவில்லை. நார்த்தம்ப்ரியாவில் அலகு சரி, எண் தவறு. இரண்டுக்கும் பொதுவானது, விடையை வேறொரு வழியில் வந்து சந்திக்கும் இரண்டாவது அளவு ஒன்று எவர் மனத்திலும் இல்லாமல் போனது.

மாத்திரை என்ற அலகு

மாத்திரையிலிருந்து தூளுக்கு மாறியதை நிர்வாகச் சிக்கனம் என்றோ வசதி என்றோ கடந்துபோகலாம். வேதியியல் கண்ணால் பார்த்தால் அது ஓர் அலகைக் கைவிட்டதாகும். மாத்திரை என்பது எண்ணக்கூடிய பொருள். ஒன்றில் 100 மில்லிகிராம் காஃபின் என்று வைத்துக்கொண்டால், 300 மில்லிகிராமுக்கு மூன்று மாத்திரை எடுக்க வேண்டும். அதே நூறு மடங்குப் பிழை நேர்ந்திருந்தால் கணக்கு 300 மாத்திரை என்று சொல்லியிருக்கும். புட்டி புட்டியாகக் கவிழ்த்து முந்நூறு மாத்திரையை ஒருவர் முன் குவிக்கும் அளவுக்குக் கவனமற்றவர் எவரும் இல்லை. தூளில் அந்தத் தடை இல்லை. தூளுக்கு எண்ணிக்கை கிடையாது, நிறை மட்டுமே உண்டு.

மோல் என்ற அலகு வேதியியலுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிமுகத்தை நான் அறியேன். தூளும் மூலக்கூறுகளால் ஆனதுதான். எண்ண முடியாத அளவுக்கு அவை சிறியவை, பல. ஆகவே அவற்றைக் கட்டுக்கட்டாக எண்ணுகிறோம். ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். 1971 முதல் 12 கிராம் கார்பன்-12 ஐசோடோப்பில் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை என்று கிராமின் தோளில் சாய்ந்து நின்ற இந்த வரையறை, 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தால் வெறும் எண்ணிக்கையாகத் தனித்து நிற்கிறது. மோல் நிறையை அளப்பதன்று. எத்தனை என்பதை அளப்பது. அது அளக்கும் கணியத்துக்குப் ‘பொருளின் அளவு’ என்று பெயர். ‘மோல்களின் எண்ணிக்கை’ என்று எழுதும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. நிறையைக் ‘கிலோகிராம்களின் எண்ணிக்கை’ என்று யாரும் சொல்வதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பொருத்தமின்மை புரியும்.

எண்ணிக்கையிலிருந்து நிறைக்குச் செல்லும் பாலம் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை. காஃபின் மூலக்கூறில் 8 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. கூட்டினால் மோலுக்கு 194.19 கிராம். ஆக 0.3 கிராம் என்பது 1.54 மில்லிமோல், 30 கிராம் என்பது 154 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 9.3 × 10²² மூலக்கூறுகள். இந்தப் பாலமும் விமான எரிபொருளின் அடர்த்தியைப் போன்றதே: ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும், தனக்கென அலகு உடைய எண். அதைக் கிராம்/மோல் என்ற அலகோடு எழுதாமல் வெறும் 194 என்று எழுதுபவர், பெருக்குவதா வகுப்பதா என்று ஒரு நாள் தடுமாறியே தீருவார்.

30 கிராமைப் பக்கவாட்டில் பார்த்தல்

ஓர் அளவு சரிதானா என்று அறிய, அதே கணக்கை மறுபடி போடுவது பலவீனமான வழி. அதே கை அதே பிழையைச் செய்யும். அதை வேறோர் இயற்பியல் அளவாக மாற்றி அங்கே பொருந்துகிறதா என்று பார்ப்பது வலுவான வழி. 30 கிராம் காஃபினை இப்படி மாற்றிப் பார்த்தால், எங்கெல்லாம் அது முட்டியிருக்க வேண்டும் என்பது வியப்பூட்டும்.

முதலில் கன அளவு. காஃபின் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.23 கிராம். துளிக் காற்றிடைவெளியும் இல்லாமல் அழுத்தி வைத்தாலும் 30 கிராம் 24 கன சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. தளர்ந்த தூளாக இருந்தால் இன்னும் கூடும். உரிய அளவான 0.3 கிராமோ ஒரு சிட்டிகை. சிட்டிகைக்கும் ஐந்து தேக்கரண்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் காணத் தராசே வேண்டாம். சமையலறைப் பழக்கம் போதும்.

அடுத்து கரைதிறன். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையும் காஃபின் சுமார் 20 கிராம்தான். மோலில் சொன்னால் லிட்டருக்கு 0.1 மோலை ஒட்டியது. 30 கிராம் முழுவதும் கரைய ஒன்றரை லிட்டர் நீர் தேவை. கால் லிட்டர் குவளையில் 5 கிராம் கரையும், மற்றது அடியில் வெண்மையாகத் தங்கும் அல்லது கலங்கலாக மிதக்கும். கொதிநீரில் இந்த எல்லை பல மடங்கு உயரும் என்பதும், பழச்சாறு போன்ற கலங்கலான பானத்தில் கரையாத தூள் கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதும் உண்மையே. ஆயினும், கலக்கும்போது தூள் கரைய மறுத்தால் அதற்குக் காரணம் கேட்கும் பழக்கமுள்ள வேதியியலாளர், கைப்பேசியைத் திரும்பவும் எடுத்திருப்பார்.

மூன்றாவது அன்றாட வாழ்க்கை. ஒரு கோப்பை காபியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் காஃபின். 30 கிராம் என்பது 300 கோப்பை. இந்நிகழ்வு நடந்த இரண்டே மாதங்களில், 2015 மே மாதம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நலமான வயதுவந்தோருக்கு ஒரு நாளில் மொத்தம் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று கருத்து வெளியிட்டது. அதை வைத்துப் பார்த்தால் 75 நாள்களுக்கு உரியதை ஒரே மூச்சில் குடித்ததாகிறது. காஃபினைப் பற்றி எதுவும் அறியாதவருக்கும் இந்த மொழிபெயர்ப்பு புரியும். ஆனால் அதைச் செய்யத் தோன்ற வேண்டும்.

உடலுக்குள் மோல்

நச்சின் கதையில் கிராமைவிட மோலே உண்மைக்கு நெருக்கமானது. உடலிலுள்ள ஏற்பிகள் நிறையை உணர்வதில்லை. மூலக்கூறு ஒன்று வந்து பொருந்துகிறதா இல்லையா என்பதே அவற்றுக்குத் தெரியும். எனவே எத்தனை மூலக்கூறுகள் எவ்வளவு கன அளவில் பரவியுள்ளன என்ற செறிவுதான் விளைவை முடிவு செய்கிறது.

காஃபின் உடல் நீர் முழுவதிலும் பரவக்கூடியது, கிலோகிராமுக்கு 0.6 லிட்டர் என்ற பரவல் கன அளவை எடுத்துக்கொண்டால் 75 கிலோகிராம் உடலுக்கு 45 லிட்டர் வரும். 300 மில்லிகிராம் அதில் பரவினால் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம், அதாவது 34 மைக்ரோமோல். உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் அமர வேண்டிய ஏற்பிகளை அடைத்துக்கொள்ள இந்தச் சில பத்து மைக்ரோமோல் செறிவே போதும். காபி குடித்ததும் வரும் விழிப்பு இதனால்தான். 30 கிராம் முழுதும் உறிஞ்சப்பட்டால் எட்டக்கூடிய உச்சம் லிட்டருக்கு 667 மில்லிகிராம், அதாவது 3.4 மில்லிமோல். வாந்தியில் ஒரு பங்கு வெளியேறுமாதலால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் லிட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினாலே உயிராபத்து என்று நச்சியல் பொதுவாகக் கருதுவதால், எட்டில் ஒரு பங்கு உள்ளே நின்றாலும் அபாயம் அபாயமே.

இந்த 34 மைக்ரோமோலுக்கும் 3.4 மில்லிமோலுக்கும் இடையில் நடப்பது, ஒரே விளைவு நூறு மடங்கு பெருகுவதன்று. மைக்ரோமோல் அளவில் அடினோசின் ஏற்பிகளோடு நின்றுவிடும் காஃபின், நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் செறிவில், செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறுகளைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகளையும் தடுக்கத் தொடங்குகிறது. மில்லிமோல் செறிவில் தசை இழைகளுக்குள் சேமிக்கப்பட்டுள்ள கால்சியத்தையே வெளியே கொட்டச் செய்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் சரிவதும் இதயத் துடிப்பு சீர்குலைவதும் வலிப்பும் அதிக அளவு காஃபினின் தெரிந்த விளைவுகள். வேறு செறிவில் அதே மூலக்கூறு வேறு மருந்தாகிவிடுகிறது.

டயாலிசிஸ் ஏன் கைகொடுக்கும் என்பதும் இதே எண்களில் அடங்கியிருக்கிறது. நலமானவர் உடலில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மேற்கண்ட உச்சத்திலிருந்து 80 மில்லிகிராமுக்கு இறங்க மூன்று அரைவாழ்வு, அதாவது 15 மணி நேரம் வேண்டும். அதுவும் கல்லீரல் நொதிகள் திணறாமல் வேலை செய்தால்தான்; இத்தனை சுமையில் அவை நிறைவுற்று வேகம் குன்றிவிடும். ஆனால் மோலார் நிறை 194 மட்டுமே உடைய சிறு மூலக்கூறு, இரத்தப் புரதங்களோடு பெரிதும் ஒட்டிக்கொள்ளாதது, நீரிலேயே பரவி நிற்பது ஆகிய மூன்று இயல்புகளும் சேர்ந்து காஃபினை டயாலிசிஸ் சவ்வு வழியே எளிதில் வெளியேறச் செய்கின்றன.

எதன் கிராம்?

மோலைக் குறிப்பிடும்போது எந்தத் துகளின் மோல் என்று சொல்லியாக வேண்டும் என்பது விதி. காஃபினிலேயே இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுத் தடைபடாமலிருக்கக் காஃபின் சிட்ரேட் என்ற வடிவில் மருந்து தரப்படுகிறது. காஃபினும் சிட்ரிக் அமிலமும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த அதன் மோலார் நிறை 386.3, அதில் காஃபினின் பங்கு 194.19. எனவே 20 மில்லிகிராம் காஃபின் சிட்ரேட்டில் காஃபின் 10 மில்லிகிராம்தான். ஒரு மருத்துவர் காஃபினாக எழுதியதை மற்றவர் சிட்ரேட்டாகப் படித்தால் தசமப் புள்ளியோ அலகோ பிழைக்காமலே அளவு பாதியாகும், அல்லது இரட்டிக்கும். இரண்டு வடிவிலும் அளவை மோலில் எழுதினால் இந்தக் குழப்பமே எழாது. நார்த்தம்ப்ரியாவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆயினும் மாத்திரையைத் தூளாக மாற்றும் எவரும், புட்டியில் இருப்பது நீரற்ற காஃபினா, உப்பா, நீரேற்றமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எழுத்தில் வைக்க வேண்டியவை

மருந்தளவை எழுதுவோர் தசமப் புள்ளி தேவைப்படாத அலகையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளில் நெடுநாளாக வலியுறுத்தப்படும் வழக்கம். கிலோ, மில்லி, மைக்ரோ என்ற முன்னொட்டுகள் இருப்பதே அதற்காகத்தான். 0.3 கிராம் என்பதைவிட 300 மில்லிகிராம் பாதுகாப்பானது. தவிர்க்க முடியாமல் கிராமில் எழுதினால் .3 என்று தலையில்லாமல் விடாமல் 0.3 என்றே எழுத வேண்டும், ஏனெனில் புள்ளி மங்கிப்போனால் .3 என்பது 3 ஆகிவிடும். தராசு எத்தனை தசம இடம் காட்டும் என்பதும் கணக்கின் ஒரு பகுதியே. ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 0.3 கிராமை நிறுக்கவே முடியாது, 0.300 என்று காட்டும் தராசின் முன் நிற்பவருக்கு 30.000 என்ற காட்சி சற்றேனும் விசித்திரமாகத் தோன்றும்.

இரண்டாம் நபரின் சரிபார்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாமவர் போட்ட விடையைப் பார்த்துத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் உடல் நிறையிலிருந்து தொடங்கித் தனியாகக் கணக்குப் போட்டு, பிறகே முதல் விடையைப் பார்க்க வேண்டும். அந்த மாணவருக்கான தாள், 75 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு எழுதப்பட்டிருந்தால், இப்படி ஒரே வரியில் அடங்கியிருக்கும்: நீரற்ற காஃபின், கிலோகிராமுக்கு 4 மி.கி. × 75 கிலோகிராம் = 300 மி.கி. = 0.300 கிராம் = 1.54 மில்லிமோல், ஒரு சிட்டிகை, மூன்று கோப்பை காபிக்குச் சமம், 250 மி.லி. நீரில் முழுவதும் கரைய வேண்டும், கரையாவிட்டால் நிறுத்துக.